ஏலமலைச் சரிவும் ஊரவையும்: காலநிலைத் திட்டத்தில் குடிமக்களுக்குரிய இடம்

முன்னுரை

ஓர் ஊரின் நலங்கருதி வகுக்கப்படும் திட்டத்தில் அவ்வூர் மக்களுக்கு இடம் இருத்தல் வேண்டும் என்பது இன்று எவரும் மறுக்காத கொள்கை. ஆயின், அவ்வூர் மக்கள் என்போர் யாவர் என்னும் வினாவிற்கு விடை காண்டல் எளிதன்று. நிலம் உடையோரா? அந்நிலத்தில் உழைப்போரா? அங்கே குடியிருப்போரா? இம்மூவரும் ஒருவராகவே இருந்த ஊர்களில் இவ்வினா எழவில்லை. மூவரும் வெவ்வேறிடத்தவராக வாழும் பகுதியிலோ இவ்வினாவிற்கு விடை காணாமல் எத்திட்டமும் முற்றுப்பெறாது.

தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரும் அதற்கு மேற்கே உயர்ந்து நிற்கும் ஏலமலைச் சரிவும் அத்தகைய பகுதியாகும். காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ளுதற்குரிய திட்டங்கள் இன்று மாவட்டந்தோறும், சில மாநிலங்களில் ஊராட்சிதோறும் வகுக்கப்பட்டு வருகின்றன. அவையில் அமர்ந்து பேசும் தகுதியைத் தமிழகம் காலந்தோறும் எவ்வெவ்வாறு வரையறுத்தது என்பதையும், அவ்வரையறைகள் இச்சரிவிற்கு எந்த அளவு பொருந்தும் என்பதையும் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் பொழுதும்

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் ஒருங்கே முதற்பொருள் என வைத்தார். குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் பெரும்பொழுதாயின. இது செய்யுளுக்கு வகுத்த இலக்கணமே ஆயினும், ஒரு நிலத்தை அதன் பருவத்தினின்றும் பிரித்து எண்ணலாகாது என்னும் கருத்து இதன்கண் அடங்கியுள்ளது. நிலம் பெயராது நிற்கப் பொழுது மட்டும் பெயருமாயின், அந்நிலத்தின் கருப்பொருள்களாகிய மரமும் விலங்கும் தொழிலும் நிலைகலங்கும். காலநிலை மாற்றம் என்று இக்காலத்தார் கூறுவது இதனையே எனலாம்.

ஏலப்பயிர் இதற்குச் சிறந்த சான்றாகும். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 600 முதல் 1,200 மீட்டர் வரை உயர்ந்த மலைப்பகுதியே அதற்கு உகந்தது. வெட்டவெளியில் அது தழைப்பதில்லை. காட்டுமரங்களின் நிழல் வேண்டும். மழையின் அளவினும் அம்மழை ஆண்டு முழுதும் பரவிப் பெய்தலே அதற்கு இன்றியமையாதது. கோடையில் இடைமழை பொய்த்தால் பூங்கொத்து கருகும். ஆடி ஆவணியில் மழை அளவு கடந்தால் அழுகல் நோய் பற்றும். 1982-83ஆம் ஆண்டு வறட்சியில் இம்மலைத் தோட்டங்கள் பேரிழப்பு அடைந்தன. 2018ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் பெருமழையும் நிலச்சரிவும் நேர்ந்தன. 2024ஆம் ஆண்டுக் கோடையில் மீண்டும் கடும் வறட்சி செடிகளைத் தீய்த்தது. வறட்சியும் வெள்ளமும் இம்மலைக்குப் புதியன அல்ல. 1924ஆம் ஆண்டு வெள்ளத்தில் மூணாற்றுக் குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறு இருப்புப்பாதை அடியோடு அழிந்தது. ஆயின், பருவத்தை நம்பித் தொழிலை வகுத்துக்கொள்ளும் உறுதி இன்று குறைந்து வருகின்றது என்பதே கருதத்தக்கது.

தீயும் இதனோடு எண்ணத்தக்கது. 2018ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11ஆம் நாள், போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில் காய்ந்த புல்லிற் பற்றிய தீயில் மலையேற்றத்திற்கு வந்திருந்தோருள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மீட்புப் பணியில் குரங்கணி மக்கள் முன்னின்றனர். மலையின் வழிகளையும், காற்றுத் திரும்பும் நேரத்தையும், புல் உலரும் காலத்தையும் அறிந்தவர்கள் அவர்களே. துன்பம் நேர்ந்தபின் பயன்பட்ட அவ்வறிவு, அதற்கு முன்னரே திட்டத்தில் இடம்பெறுதற்குரியது அன்றோ?

மலையும் நகரும்

போடிநாயக்கனூரின் வளர்ச்சி மலையைச் சார்ந்ததாகும். ஏலமலை திருவிதாங்கூர் அரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த காலத்தும், அம்மலையிற் பயிர் செய்தோருட் பெரும்பகுதியினர் கம்பம் பள்ளத்தாக்கிலும் போடியிலும் வாழ்ந்த தமிழ்க் குடிகளே. அவ்வரசு ஏலத்தைத் தன் தனியுரிமைச் சரக்காகக் கொண்டு, விளைவு முழுவதையும் தானே பெற்று விற்றது. அம்முறை நீங்கி நிலவரி முறை வந்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலாகும். மூணாற்றுத் தேயிலை, டாப் ஸ்டேஷன் என்னும் உச்சியிலிருந்து கம்பிவட வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கிப் போடியை அடைந்தது. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு இருப்புப்பாதை வந்தது. 2010இல் அகலப்பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்ட அப்போக்குவரத்து, 2023ஆம் ஆண்டு சூன் திங்களில் மீண்டும் போடி வரை தொடங்கியது. நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் ஏலக்காய் மின்னணு ஏலம் நடைபெறும் இடங்களுள் போடியும் ஒன்று. மற்றொன்று மலைமேல் உள்ள புற்றடி.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி திருத்தி அமைக்கப்பட்டபோது தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலைப் பகுதிகள் கேரளத்திற்கு உரியவாயின. சரிவின் மேற்பகுதி ஒரு மாநிலமும் கீழ்ப்பகுதி மற்றொரு மாநிலமும் ஆயின. ஆயினும் தொழில் பிரியவில்லை. இன்றும் தோட்டம் இடுக்கி மாவட்டத்தில் இருக்க, அதன் உரிமையாளர் போடி நகரில் வாழ்தல் பெருவழக்கு. விடியற்காலையில் போடி, தேவாரம், கோம்பை, கம்பம் முதலிய ஊர்களிலிருந்து ஆடவரும் பெண்டிரும் ஜீப்புகளில் ஏறிப் போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியே மலைக்குச் சென்று, காய் பறித்து, மாலையில் திரும்புகின்றனர். 2020இல் நோய்த்தொற்றின் பொருட்டு எல்லை அடைக்கப்பட்டபோது தோட்டத்தில் ஆளின்றியும், வீட்டில் கூலியின்றியும் இருபுறத்தாரும் இடருற்றனர். எல்லைக்கோடு பிரித்தவற்றைத் தொழில் எத்துணை இறுகப் பிணைத்திருந்தது என்பதை அந்நாட்கள் காட்டின.

இப்பிரிவின் விந்தையைக் கொழுக்குமலை தெளிவுறுத்தும். அது தமிழகத்துத் தேனி மாவட்டத்தைச் சார்ந்தது. ஆயின், அங்கே ஊர்தி செல்லும் வழி கேரளத்துச் சூரியநெல்லி வழியாகும். கொட்டகுடிப் பக்கத்திலிருந்து செல்வோர் மலைப்பாதையில் நடந்தே ஏற வேண்டும். தம் மாவட்டத் தலைநகருக்கு வண்டியில் வரவேண்டுமாயின் அண்டை மாநிலத்தைச் சுற்றி வரவேண்டிய நிலை அம்மக்களது.

அவையில் அமரும் தகுதி

ஊரவையைப் பற்றிய தெளிவான விதிகள் தமிழகத்துக் கல்வெட்டுகளிற் காணப்படுகின்றன. பாண்டிய மன்னன் மாறஞ்சடையன் காலத்து மானூர்க் கல்வெட்டு, சபையில் வாக்குரைக்கும் தகுதியை நிலப்பங்கு உடையோர்க்கும் கற்றோர்க்கும் ஒழுக்கமுடையோர்க்கும் வரையறுத்தது. முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) இதனை மேலும் விரித்துரைக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. குடவோலை வழியே உறுப்பினர் தெரிந்தெடுக்கப்பட்டனர். கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையராதலும், 35க்கு மேல் 70க்கு உட்பட்ட அகவையினராதலும் தகுதிகளாயின. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என நீரையும் நிலத்தையும் காக்கத் தனித்தனிக் குழுக்கள் அமைந்தன.

இவ்வமைப்பை வியந்து போற்றுவது நம்மவரிடையே மரபாகிவிட்டது. அப்போற்றுதலில் இரண்டு கூறுகளைப் பிரித்தறிதல் வேண்டும். ஒன்று, கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் வாரியத்திற்கு வருதல் கூடாது என்ற விதி. பொதுப்பொருளைக் கையாண்டவன் ஊரறியக் கணக்குக் காட்டுதல் வேண்டும் என்னும் இவ்விதி எக்காலத்திற்கும் உரியது. மற்றொன்று, நிலமுடைமையைத் தகுதியாகக் கொண்டமை. உத்தரமேரூர் பிரமதேய ஊர். அங்கே உழைத்தோர்க்கும் பெண்டிர்க்கும் அவையில் இடமில்லை. ஏரியைக் காத்த வாரியம் சிறந்ததே. ஆயின், அவ்வேரியைத் தூர் வாரிய கைகள் அதன்கண் இடம்பெறவில்லை.

உழைப்பும் உரிமையும்

நீர்நிலை பெருக்குதல் வேந்தன் கடமை என்பதைப் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் புறநானூற்றில் எடுத்துரைத்தார். அக்கடமையின் அன்றாடப் பகுதி குடிகள் மேல் நின்றது. பிற்காலத்தார் அதனைக் குடிமராமத்து என வழங்கினர். வாய்க்கால் வெட்டுதலும், கரை உடையுங்கால் ஓடி அடைத்தலும், தூர் எடுத்தலும் பாசனம் பெறுவோர் கூடிச் செய்தவையாகும். ஆங்கில ஆட்சியில் இவ்வழக்கம் தளர்ந்தது. அதனைச் சட்டத்தால் நிலைநிறுத்த 1858ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம் இயற்றப்பட்டது. மரபுவழி உழைப்பைத் தராதார்க்குத் தண்டம் விதிக்கவும் அச்சட்டம் இடந்தந்தது. முடிவெடுக்கும் உரிமை ஊரினின்று அலுவலகத்திற்குச் சென்றபின், உழைக்கும் கடமையை மட்டும் ஊரின்மேல் நிறுத்த முயன்றமையே அதன் குறை. உரிமையினின்று பிரிந்த கடமை கட்டாய வேலையாகிவிடும். 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்னும் பெயரையே மீண்டும் எடுத்து ஏரிகளைச் சீரமைக்கத் தொடங்கியது, அப்பெயர்க்கு மக்கள் உள்ளத்தில் இன்னும் மதிப்பிருத்தலைக் காட்டும்.

காடுகளைப் பொறுத்தவரை இதனை ஒத்த முயற்சி அண்மையில் நிகழ்ந்தது. 1990ஆம் ஆண்டு மைய அரசின் அறிவுறுத்தலைத் தொடர்ந்து கூட்டுக் காடு மேலாண்மை முறை பரவியது. 1997இல் தொடங்கிய தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டத்தில் மலையடிவார ஊர்களில் கிராம வனக் குழுக்கள் அமைந்தன. தடுப்பணை கட்டுதலும், விறகிற்கு மாற்று வழி காட்டுதலும் அவற்றின் பணிகளுட் சில. ஆயின், நிதி வந்த காலத்திற் கூடிய குழுக்கள் பல, நிதி நின்றபின் கூடாதொழிந்தன. குழுவிற்குப் பணி தரப்பட்டது. அவ்வளவில் முடிவு செய்யும் உரிமை தரப்படவில்லை என்பதே இதன் காரணம் எனல் தகும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இக்குறையை ஓரளவு நீக்கி, காட்டைக் காக்கும் உரிமையைக் கிராம சபைக்கு வழங்கியது. இச்சரிவில் வாழும் முதுவர், பளியர் ஆகியோர்க்கு இச்சட்டம் சிறப்பாக உரியது.

கேளாமல் வகுத்த திட்டத்தின் விளைவு

மக்களைக் கலவாமல் வகுக்கும் திட்டம் எங்ஙனம் முடியும் என்பதற்கு ஏலமலையே அண்மைச் சான்று தருகின்றது. மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழலை ஆராய மாதவ் காட்கில் தலைமையில் 2010இல் அமைந்த குழு, 2011ஆம் ஆண்டு ஆகத்தில் தன் அறிக்கையை அளித்தது. மலையை மூன்று நிலைப்பட்ட காப்பு வட்டங்களாகப் பகுத்த அவ்வறிக்கை, அவ்வட்டங்களின் இறுதி எல்லையைக் கிராம சபைகளைக் கலந்தே முடிவு செய்ய வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. ஆனால், அவ்வறிக்கை பல திங்கள் வெளியிடப்படவில்லை. தகவல் ஆணையமும் தில்லி உயர்நீதிமன்றமும் ஆணையிட்ட பின்னரே, 2012ஆம் ஆண்டு மே திங்களில் வெளிவந்தது. அதன்பின் கஸ்தூரிரங்கன் தலைமையில் அமைந்த குழு 2013ஆம் ஆண்டு ஏப்பிரலில் வேறோர் அறிக்கை தந்தது. ஆறு மாநிலங்களில் 4,156 ஊர்கள் அதன் பட்டியலில் இடம்பெற்றன. அவ்வாண்டு நவம்பரில் மைய அரசின் ஆணை வந்தவுடன் இடுக்கியில் கடையடைப்பும் கிளர்ச்சியும் எழுந்தன.

இக்கிளர்ச்சியைச் சுற்றுச்சூழற் பகைமை என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், அது முழுவுண்மை ஆகாது. மரநிழல் இன்றி ஏலம் இல்லை என்பதை ஏலக்குடிகளினும் நன்கறிந்தவர் இலர். அவர்களை அச்சுறுத்தியது காப்பு என்னும் கருத்தன்று. தம் ஊரின் பெயர் தாம் அறியாத ஒரு பட்டியலில் ஏறியிருந்தமையே ஆகும். மக்கள் அறியும் மொழியில் அறிக்கை ஊர்தோறும் முன்னரே படிக்கப்பட்டிருப்பின் வதந்திக்கு இடம் குறைந்திருக்கும். கலந்து பேச வேண்டும் என்று பரிந்துரைத்த அறிக்கையே கலந்து பேசப்படாமற் போயிற்று.

இதனினும் கொடியதொரு சான்று உளது. 2020ஆம் ஆண்டு ஆகத்து 6ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்டத்து லயங்கள் புதையுண்டன. 70 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். நிலம் அவர்களுடையதன்று, வீடும் அவர்களுடையதன்று. எந்தச் சரிவில் வீடு அமையலாம், எத்துணை மழை பெய்தால் வெளியேற வேண்டும் என்று முடிவு செய்யும் அவையில் தம்முயிரையே பணயமாக வைத்து வாழ்ந்தோர்க்கு இடம் இருந்ததில்லை. பங்கேற்பு என்பது அலங்காரச் சொல் அன்று, உயிர்க்காப்பு என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

இருபுறத்தும் இன்றுள்ள ஏற்பாடுகள்

1996இல் கேரளம் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது. வார்டுதோறும் கிராம சபை கூடித் தேவைகளைப் பட்டியலிட்டது. 2018ஆம் ஆண்டு வெள்ளத்திற்குப் பின், 2019-20இல் 'நம்மள் நமுக்காயி' என்னும் இயக்கத்தின் வழி உள்ளாட்சிகள் தத்தமக்குரிய பேரிடர் மேலாண்மைத் திட்டங்களை வகுத்தன. வயநாட்டு மீனங்காடி ஊராட்சி 2016இல் கரியமிலச் சமநிலைத் திட்டத்தை மேற்கொண்டு, மரத்தை வெட்டாது வளர்ப்போர்க்கு மரத்தின் பேரில் கடன் வழங்கும் மரவங்கி முறையையும் கண்டது. நிழல்மரத்தை நம்பி வாழும் ஏலமலைக்கு இம்முறை பெரிதும் கருதத்தக்கது.

தமிழகத்தில் 2022ஆம் ஆண்டு திசம்பரில் தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் தொடங்கப்பெற்றது. மாவட்டந்தோறும் ஆட்சியர் அவ்வியக்கத்தின் இயக்குநராகவும், வன அலுவலர் காலநிலை அலுவலராகவும் அமைந்தனர். கிராம சபைக் கூட்டங்கள் ஆண்டுக்கு நான்கிலிருந்து ஆறாக உயர்த்தப்பட்டன. மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகிய நாட்கள் புதியனவாகச் சேர்ந்தன. நகர்ப்புறங்களில் பகுதி சபைகள் 2022ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் முதன்முறையாகக் கூடின. கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி 2006ஆம் ஆண்டிலேயே சொந்தமாகக் காற்றாலை நிறுவி மின்சாரம் விற்றமை, தமிழகத்து ஊராட்சிக்கும் இத்துறையில் ஆற்றல் உண்டென்பதற்குச் சான்று.

ஆகவே ஒரே சரிவின் மேற்பகுதியில் திட்டத்தின் அலகு ஊராட்சி, கீழ்ப்பகுதியில் மாவட்டம். இவ்விரண்டும் சந்திக்கும் அவை ஒன்றுமில்லை. போடியில் வாழும் தோட்ட உரிமையாளர் நகரத்துப் பகுதி சபையில் தெருவிளக்கைப் பற்றிப் பேசலாம். தம் தோட்டத்து ஓடையைப் பற்றிப் பேச அங்கே இடமில்லை. தேவாரத்துப் பெண் தன் ஊர்க் கிராம சபையில் அமரலாம். ஆயின், அவர் நாள் முழுதும் நின்று உழைக்கும் சரிவு அச்சபையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அச்சரிவு எந்த ஊராட்சிக்கு உரியதோ, அதன் சபையில் அவர் பெயர் இல்லை. கூலியும் ஈண்டு எண்ணத்தக்கது. நவம்பர் முதல் நாள் காய் பறிப்பு மும்முரமாக நிகழும் காலம். அன்று சபைக்கு வருவோர் ஒரு நாட்கூலியை இழந்தே வரவேண்டும். உரிமை ஏட்டில் இருந்தும் நடைமுறையில் எட்டாமற் போவதற்கு இதனினும் வேறு தடை வேண்டுவதில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். மானூரும் உத்தரமேரூரும் நிலத்தைத் தகுதியாகக் கொண்டன. குடிமராமத்து உழைப்பை அடிப்படையாகக் கொண்டது. இக்காலக் கிராம சபை குடியிருப்பை அடிப்படையாகக் கொண்டது. ஏலமலைச் சரிவில் நிலமுடையார் நகரத்தார், உழைப்போர் அடிவாரத்தார், குடியிருப்போர் முதுவரும் பளியரும் லயத்தாரும் ஆவர். இவற்றுள் எந்த ஒன்றைத் தனித்து அளவுகோலாகக் கொள்ளினும் இருவர் விடுபடுவர். மூவரையும் ஒருங்கே பிணைப்பது நீர் ஒன்றே. மலையில் பெய்த மழை கொட்டகுடி ஆறாகி இறங்கிப் போடி நகரின் குடிநீராகி, வையையிற் கலக்கின்றது. ஆதலின், காலநிலைத் திட்டத்திற்கு ஆற்றுப்படுகையையே அலகாகக் கொண்டு, மூவகையாரும் அமரும் ஒரு சரிவவை அமைதல் வேண்டும் என்பதே இவ்வாராய்ச்சியின் முடிபு.

அவ்வவை கிராம சபைக்கு மாற்றாக அன்றி, அதற்குத் துணையாக அமைதல் தகும். தோட்டங்களில் மழைமானி கொண்டு நாள்தோறும் எழுதப்படும் மழைக்கணக்கு அவ்வவையில் ஒருங்கு வைத்துப் படிக்கப்படலாம். தீத்தடுப்பு, நிழல்மரக் காப்பு, லயங்களை இடர்ச்சரிவினின்று மாற்றியமைத்தல் ஆகிய மூன்றும் அதன் முதற்பணிகளாகலாம். நடவடிக்கைகள் தமிழிலும் மலையாளத்திலும் எழுதப்படுதல் வேண்டும். அவை கூடும் நாளிற் கூலி இழப்போர்க்கு ஈடு தருதலும் வேண்டும். மாநில எல்லை இதற்குத் தடையாகும் என்பாரும் உளர். இரு மாநிலத்துக் காய்களும் போடியிலும் புற்றடியிலும் ஒரே விதியின் கீழ் விலை பேசப்படுகின்றன. விளைவைக் கூடி விற்க இயலுமெனில், விளைவிக்கும் மலையைக் கூடிக் காத்தலும் இயலுவதே.

கணக்குக் காட்டாதவன் வாரியத்திற்கு வரலாகாது என்ற பராந்தகன் காலத்து விதி இச்சரிவவைக்கும் விதியாதல் வேண்டும். அத்துடன், அக்காலத்தார் செய்யாத ஒன்றையும் நாம் செய்தல் வேண்டும்: நிலமில்லாத கைகளுக்கும் அவையில் இடம் தருதல்.